நாலாவது கிண்ணம்

கார்க்குகள் சுத்தமாக இருந்தன. அதுதான் தப்பு.

டேப்பு அந்தக் கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். சூடு தாங்கும் ரப்பரில் செய்த குட்டிக் குட்டிக் கார்க்குகள். காலையில் அவள் துடைத்து வைத்தபடியே, ஒரு பொட்டுக் கறுப்புகூடப் படாமல், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள் மாதிரி பளிச்சென்று உட்கார்ந்திருந்தன.

மேசையில் இன்னும் மூன்று கிண்ணங்கள் இருந்தன. அவற்றில் கிடந்த கார்க்குகள் தலையில் கறுப்புத் தோல் காய்ந்து, பார்க்கவே சகிக்காமல் இருந்தன. அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு வீலுக்கு ஒரு கிண்ணம் என்பது அவள் வைத்திருந்த கணக்கு. நாலு வீலும் கறுப்பாகி, காரில் ஏறி, காரும் கிளம்பிப் போய்விட்டது. அப்படியானால் நாலாவது கிண்ணம் மட்டும் ஏன் குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது?

அது மேசையிலும் இல்லை. யாரோ குடித்து வைத்த டீ கிளாசுக்குப் பின்னால், ஜன்னல் திட்டில் ஒளிந்திருந்தது.

டேப்பு என்பது அவள் பெயரல்ல. வளையல் போட வேண்டிய கையில் பச்சை டேப் சுருள்களை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் திரிந்தால் யாருக்கும் அப்படித்தான் பெயர் விழும். கணவன் விளையாட்டாக வைத்தது, பட்டறையே பிடித்துக்கொண்டது.

கார்களின் அலாய் வீல்களைப் புதுப்பிக்கிற பட்டறை அது. நடைபாதைக் கல்லில் உரசி உதடு கிழிந்த வீல், உப்புப் பூத்த வீல், நிறம் பிடிக்காமல் போன வீல் என்று எல்லாம் வரும். பழைய பெயிண்டை உரித்து, மணலை வேகமாக வீசித் தேய்ப்பதற்கு ஓர் ஆள் உண்டு. தொழிலே பெயராகி அவனை எல்லாரும் மணல் என்றார்கள். பெயிண்ட் பவுடரைத் தூவுகிற கன்னைப் பிடிப்பதும் ஓவனைப் பார்த்துக்கொள்வதும் அவள் கணவன். இரண்டுக்கும் நடுவில் டேப்பு.

நடுவில் அவளுக்கு மூடுகிற வேலை. ஓவனில் வெந்த பவுடர் உருகி, வீலின் மேல் தடித்த தோலாகப் படியும். மினுக்கும் தோல், கீறல் விழாத தோல். ஆனால் நட்டு உட்கார்கிற குழியில் மட்டும் அந்தத் தோல் படவே கூடாது. பட்டால், அதன் மேல் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் இறுகினது போலத்தான் தெரியும். வண்டி ஓட ஓட, பிரேக் சூடேறச் சூடேற, நடுவில் மாட்டிய தோல் நசுங்கும். நசுங்கின அளவுக்கு நட்டு தளரும். தளர்ந்த நட்டு என்ன செய்யும் என்பதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அதனால்தான் ஒவ்வொரு குழியிலும் ஒரு கார்க். வீலின் முதுகில், வண்டியோடு ஒட்டுகிற வட்டத்துக்கு டேப்.

மூடி முடித்ததும் வீலைக் கம்பியில் மாட்டிவிட்டு "ஆச்சு" என்பாள். அந்த ஒரு சொல் காதில் விழாமல் அவள் கணவன் கன்னைத் தொட மாட்டான். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் வாழ்க்கையில் மிக அதிகமாகப் பேசப்பட்ட சொல் அதுவாகத்தான் இருக்கும்.

போன வாரம் வரைக்கும்.

போன வாரம் கொழுந்தன் மகளின் பிறந்தநாள். அந்தக் குட்டிக்கு வீட்டில் வாலு என்று பெயர். வீடு நிறைய ஆட்கள். டேப்பு என்ன வேலை செய்கிறாள் என்று யாரோ ஒரு அம்மாள் கேட்டு வைத்தாள். இவள் வாயைத் திறப்பதற்குள் கொழுந்தன் முந்திக்கொண்டான். அவன் செல்போன் கடை வைத்திருப்பவன். பேசியே பழைய போனைப் புதுப் போன் விலைக்கு விற்கிற வாய்.

"எங்க அண்ணி பெரிய பியூட்டி பார்லர் வச்சிருக்காங்க. என்ன ஒண்ணு, அங்க வர்றதெல்லாம் வட்ட மூஞ்சி. ஒண்ணுக்கும் மூக்கு கிடையாது."

எல்லாரும் சிரித்தார்கள். டேப்புவுக்கே சிரிப்பு வந்தது. அத்தோடு போயிருக்கும். ஆனால் அவள் கணவன் எல்லாரையும் விட உரக்கச் சிரித்துவிட்டு, தன் பங்குக்கு ஒன்றை எடுத்து விட்டான்.

"மேக்கப் போடறது நான். இவ சும்மா பொட்டு ஒட்டறதோட சரி."

சும்மா. அந்த ஒரு வார்த்தை தொண்டையில் முள்ளாக நின்றுகொண்டது. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. பேசுவதை நிறுத்தினாள். அவனும் வீம்புக்குக் குறைந்தவனில்லை. யார் முதலில் பேசுவது என்று பட்டறையில் ஒரு போட்டி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் அடிபட்டவன் மணல்தான்.

"மணலு, ஆச்சுன்னு உங்க முதலாளிகிட்ட சொல்லு."

"முதலாளி, ஆச்சாம்."

"காதுல விழுந்துச்சுன்னு சொல்லு."

"விழுந்துச்சாம் டேப்பக்கா. ஏங்க, எனக்கு மணல் வீசத்தான் சம்பளம். தபால் குடுக்கிறதுக்கு யாரு குடுப்பா?"

இந்த லட்சணத்தில்தான் கொழுந்தன் தன் கார் வீல்களைக் கொண்டுவந்து போட்டான். குடும்பத்தோடு மலைக்குச் சுற்றுலா. போகும்போது வண்டி பளபளவென்று கறுப்புச் சக்கரத்தோடு போக வேண்டும். இன்றே வேண்டும். காலையிலிருந்து பட்டறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு, ஆச்சா ஆச்சா என்று உயிரை எடுத்தான்.

மூன்று வீல்களை மூடி முடித்தாள். நாலாவதை மேசையில் வைத்து, பக்கத்தில் கிண்ணத்தையும் எடுத்து வைத்தபோது பசி கண்ணை இருட்டியது. சாப்பிட்டு வந்து பார்க்கலாம் என்று பின் அறைக்குப் போனாள். கணவன் முன் வாசலில் நின்றபடி சாப்பிட்டான். பேசாதவர்கள் ஒரே மேசையில் எப்படி உட்காருவது?

திரும்பி வந்தபோது மேசை காலியாக இருந்தது. ஓவன் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது அவளுக்கு என்ன தோன்றியது என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசியது. கணவன் தானே உட்கார்ந்து கார்க் போட்டு வீலை எடுத்துப் போயிருக்கிறான் என்று நினைத்தாள். வாயால் கேட்க வராத மன்னிப்பைக் கையால் கேட்கிறான் என்று நினைத்தாள். ஓவனிலிருந்து வந்த வீல்களில் சூட்டோடு சூடாகக் கார்க் பிடுங்கும்போது, நாலாவது வீலில் கார்க் இல்லை. அதையும் அவனே பிடுங்கிவிட்டான் என்று நினைத்தாள், குழிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. விரலைச் சுடுகிற வேலை அது. என் விரல் சுடக் கூடாது என்று பிடுங்கியிருக்கிறான். இன்றைக்குச் சாயங்காலம் நாமே முதலில் பேசிவிடலாம் என்றுகூட மனசுக்குள் இறங்கி வந்திருந்தாள்.

கிண்ணத்தை மேசை மேல் வைத்தாள். கார்க்குகள் உள்ளே குலுங்கின.

"மணலு." குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "உங்க முதலாளிகிட்ட கேளு. நாலாவது வீலுக்கு எந்தக் கார்க்கைப் போட்டாராம்?"

ஓவன் பக்கம் முதுகைக் காட்டி நின்ற கணவன் திரும்பாமலே சொன்னான். "நான் ஏன் கார்க் போடப் போறேன்னு கேளு. அது அவ டிபார்ட்மென்ட்டு. நான் சும்மா மேக்கப்போட சரி."

"அவரு போடலையாம் டேப்பக்கா."

"அப்ப யாரு பிடுங்கினாங்கன்னு கேளு."

"எதை?"

"ஏங்க." டேப்பு நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

மணல் தலையில் மாட்டியிருந்த முகமூடியைக் கழற்றினான். போட்டி முடிந்துவிட்டது, தானே ஜெயித்தோம் என்று கணவனின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே திரும்பிப் போனது.

"நாலாவது வீலை யாரு அடிச்சா?"

"தம்பி அடிச்சான்."

"எந்தத் தம்பி?"

"எனக்கு எத்தனை தம்பி இருக்கான்? நான் சாப்பிட்டுட்டு உள்ள வரும்போது, நானே ஒண்ணு அடிச்சிட்டேன் அண்ணேன்னு இளிச்சிட்டு நிக்கிறான். ஓவன்லயும் தள்ளிட்டான். கதவ சாத்தி ஸ்விட்சப் போட்டேன். நாலு திட்டும் திட்டினேன். ஏன், நீ மூடி வச்சதுதானே அது?"

"நான் சொன்னேனா? ஆச்சுன்னு உங்ககிட்ட சொன்னேனா?"

அவன் கண் மெதுவாக மேசை மேலிருந்த கிண்ணத்துக்குப் போனது. வேறு யாராவது என்றால் விளக்க வேண்டியிருக்கும். அவனுக்கு அந்தச் சுத்தமான கார்க்குகளே போதும்.

மணல் தொண்டையைச் செருமினான். "நான் வேற வீடியோ எடுத்தேங்க. அவரு போன்லதான் எடுக்கச் சொன்னாரு, எனக்கும் ஒண்ணு அனுப்பிச்சாரு."

மூன்று தலைகளும் அந்தச் சின்னத் திரைக்கு மேல் முட்டிக்கொண்டன. கொழுந்தன் கன்னைத் துப்பாக்கி மாதிரி தூக்கிப் பிடித்து, கண்ணடித்து, வீலைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தான். பின்னணியில் அவன் குரலே: "பாத்துக்கங்க மக்களே, அண்ணி பார்லர்ல புது பியூட்டிஷியன்." வீலின் நட்டுக் குழிகள் இமையில்லாத கண்கள் மாதிரி திறந்து கிடந்தன. அத்தனை கண்ணிலும் பவுடர் அப்பியது.

"எந்தப் பக்கம் மாட்டினாங்க?" என்றாள் டேப்பு.

"முன்னாடி. டிரைவர் பக்கம்." கணவனின் குரல் உள்ளே போயிருந்தது. "வீலுக்கு டயர் மாட்ட வந்த கடைக்காரர்கிட்ட அவனே கேட்டு மாட்டிக்கிட்டான். நான் அடிச்சது என் பக்கம்தான் இருக்கணும்னு."

முன் சக்கரம். மலைப்பாதை. பின் சீட்டில் வாலு.

பட்டறையின் சரக்கு வண்டி எப்போது கிளம்பியது, ஜாக்கியையும் ஸ்பேனர்களையும் யார் தூக்கிப் போட்டார்கள் என்பதெல்லாம் டேப்புவுக்கு நினைவில்லை. முதல் சிக்னலைத் தாண்டும்போது கையில் டேப் சுருள்கள் அப்படியே இருந்தன, மடியில் அந்தக் கிண்ணமும் இருந்தது. அதை எதற்கு எடுத்து வந்தோம் என்று தெரியவில்லை.

கணவன் தம்பிக்குப் போன் போட்டான். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடியும். மறுபடியும்.

"வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டான்." கணவன் பல்லைக் கடித்தான். "அவன் ஜென்மத்துல கடைப்பிடிக்கிற ஒரே ஒழுக்கம் இது. அது இன்னைக்குத்தான் வேலை செய்யணுமா?"

"நீங்க ரோட்டப் பாருங்க."

அவள் தன் போனிலிருந்து ஓரகத்தியைக் கூப்பிட்டாள். கொழுந்தன் மனைவிக்கும் இவளுக்கும் எப்போதும் ஒத்துப் போகும், ஆனால் பிறந்தநாளன்று இவள் சாப்பிடாமல் எழுந்து வந்ததில் அவளுக்கு மனத்தாங்கல். போனை எடுத்ததும் பின்னாலிருந்து பாட்டு காதைக் கிழித்தது.

"அக்கா, சொல்லுங்க."

"தங்கச்சி, வண்டிய நிறுத்தச் சொல்லு. உடனே ஓரமா நிறுத்தச் சொல்லு. சக்கரம் கழண்டுடும்."



"என்னக்கா இது. குழந்தைய வச்சுக்கிட்டுப் போறோம். கெளம்பி முழுசா மலைகூட ஏறல, அதுக்குள்ள வாய வைக்கிறீங்க."

"இல்லம்மா, நான் சொல்றதக் கேளு, கார்க் போடாம—"

"அவரு ஏதோ விளையாட்டுக்குச் சொன்னாரு. அதுக்கு இப்படியா பேசுவாங்க? வந்து பேசிக்கலாங்கா." பக்கத்திலிருந்து கொழுந்தன் குரல், சிரிப்போடு: "யாரு, பார்லரா? அப்பாயின்ட்மென்ட் வேணாம்னு சொல்லு." போன் வைக்கப்பட்டது.

டேப்பு தன் தொடையில் தானே ஓங்கி அடித்துக்கொண்டாள். எடுத்த எடுப்பில் கழண்டுடும் என்றா சொல்வது? ஒரு வாரமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள் திடீரென்று போன் செய்து இப்படிச் சொன்னால், நல்லதுக்குச் சொல்கிறாள் என்று யார் நம்புவார்கள்? அந்த இடத்தில் தான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள்.

ஊர் முடிந்து சாலை அகலமானது. தூரத்தில் மலை நீலமாகத் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கணவன் ஒரு லாரியை முந்தினான், உடனே இன்னொன்றையும். சரக்கு வண்டி வயதுக்கு மீறிய வேகத்தில் உதறிக்கொண்டே ஓடியது. பின்னால் ஜாக்கி தடார் தடார் என்று உருண்டது. ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மறுபடியும் ஓரகத்தியின் எண். மணி அடித்தது. எடுத்தது வாலு.

"பெரியம்மா, அம்மா உங்க மேல கோவமா இருக்காங்க. பேச மாட்டேன்னு போனை எங்கிட்ட குடுத்துட்டாங்க."

"சரிடா தங்கம். நீ பேசு. எங்க இருக்கீங்க?"

"மலையில. ரோடு பாம்பு மாதிரி போகுது. எனக்கு வாந்தி வரல."

"சமத்து. கார்ல ஏதாவது சத்தம் கேக்குதா?"

"கேட்டுச்சு. டக்கு டக்கு டக்குன்னு. அம்மா என்னன்னு கேட்டாங்க. அப்பா ஒண்ணுமில்லைன்னுட்டு பாட்டை இன்னும் பெருசா வச்சுட்டார். இப்ப கேக்கல."

டேப்புவின் கை தானாகப் போனை மூடிக்கொண்டது. கணவன் பக்கம் திரும்பினாள். "சத்தம் வர ஆரம்பிச்சிடுச்சு."

"குடு. போனைக் குடு." அவன் ஒற்றைக் கையை நீட்டினான். "நான் கத்துற கத்துல அவன் நிறுத்தறானா இல்லையா பாரு."

"நீங்க கத்தினா நிறுத்துவாரா? சின்ன வயசுலேர்ந்து நீங்க நில்லுன்னா ஓடுவாரு, ஓடுன்னா நிப்பாரு. நீங்கதான சொல்லியிருக்கீங்க."

கணவனின் கை மெதுவாக ஸ்டியரிங்குக்குத் திரும்பியது.

டேப்பு கண்ணை மூடி யோசித்தாள். பயமுறுத்தினால் சாபம் என்பார்கள். அதட்டினால் வேகம் கூடும். கெஞ்சினால் சிரிப்பான். கொழுந்தனை நிறுத்த ஒரே ஒரு விஷயம்தான் உண்டு. அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. ஒரு வாரமாக எந்தப் பேச்சுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாளோ, அதைத் தொடங்கி வைத்தவனையே அந்த வாயால் புகழ வேண்டும்.

போனைக் காதில் வைத்தாள்.

"வாலு, அப்பாவுக்குக் கேக்கற மாதிரி போனை வையேன். பெரியம்மா தோத்துட்டாங்கன்னு சொல்லு."

அது வேலை செய்தது. பாட்டு குறைந்தது. பாட்டு குறைந்ததும் அதன் அடியில் இருந்த சத்தம் அவளுக்கே கேட்டது. டக்கு. டக்கு. டக்கு.

"என்ன அண்ணி, தோத்துட்டீங்களாமே."

"ஆமா தம்பி." டேப்பு சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள். கல்லில் நார் உரிக்கிற மாதிரி வந்தது. "மணலு வீடியோவைக் காட்டினான். நாலு வீல்லயும் நீங்க அடிச்சதுதான் டாப்பு. உங்க அண்ணன் மூஞ்சில ஈ ஆடல."

"நான் அப்பவே சொன்னேன்ல. கைராசி அண்ணி."

"கடைக்கு வெளிய புது போர்டு வைக்கறோம். உங்க வீலையே போட்டோ எடுத்துப் போடலாம்னு பார்த்தேன். இப்ப எங்க இருக்கீங்களோ அங்கேயே நிறுத்தி ஒண்ணு எடுத்து அனுப்புங்களேன்."

"அவ்வளவுதானே. மேல வியூ பாயின்ட் இருக்கு. மலை பின்னாடி தெரியற மாதிரி ஜம்முனு எடுத்துடறேன்."

கணவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். மேலே என்றால் இன்னும் எத்தனை வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பாரமெல்லாம் அந்த ஒரு சக்கரத்தின் மேல் சாயும்.

"மேல வேணாம் தம்பி." அவள் அவசரத்தைக் குரலில் காட்டாமல் இழுத்துப் பிடித்தாள். "மேல மேகம் வந்துடும். கறுப்போட பளபளப்பு வெயில்லதான் தெரியும். மலைய யாரு பாக்கப் போறா, நீங்க அடிச்சதைத்தான் பாக்கணும். நட்டு தெரியற மாதிரி, நல்லா கிட்டத்துல."

"இங்க ஓரமே இல்லையே அண்ணி. ரெண்டு வளைவு போகட்டும்."

"தம்பி."

"சொல்லுங்க."

"நான் சும்மா பொட்டு ஒட்டறவதான். எனக்கு எதுக்கு இந்தப் போட்டோன்னு வச்சுக்கங்க. உங்க அண்ணன் கேக்கறாரு. நிறுத்தறதுக்குள்ள மனசு மாறிடுவாரு. அவரப் பத்தி உங்களுக்குத் தெரியும்ல."

பக்கத்தில் கணவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான். முன்னால் போன வண்டி பிரேக் போட்டதால் மறுபடி சாலையைப் பார்க்க வேண்டியிருந்தது.

"அண்ணன் கேட்டாரா? என்கிட்ட?" கொழுந்தன் குரலில் வாலுவின் வயசு தெரிந்தது. "இருங்க இருங்க. இதோ ஒரு இடம் இரு—"

இணைப்பு அறுந்தது.

டேப்பு மறுபடி கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் அக்கறையே இல்லாமல் சொன்னாள். மறுபடி. அதே பெண்.

"நிறுத்தினானா?" என்றான் கணவன்.

"தெரியல."

"கடைசியா என்ன சொன்னான்?"

"இடம் இருக்குன்னு சொல்ல வந்தாரு. இல்ல, இருக்கட்டும்னு சொல்ல வந்தாரோ. தெரியலங்க, என்ன கேக்காதீங்க."

மலையடிவாரம் வந்தது. முதல் வளைவு. அவள் ஒவ்வொரு வளைவிலும் சாலையோரத் தடுப்புச் சுவரைப் பார்த்தாள், எங்காவது உடைந்திருக்கிறதா என்று. எதிரில் இறங்கி வருகிற வண்டிக்காரர்களின் முகத்தைப் பார்த்தாள், எதையோ பார்த்துவிட்டு வருகிற முகமா என்று. ஒருவன் கொட்டாவி விட்டுக்கொண்டு போனான். அந்தக் கொட்டாவி அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பது அவனுக்குத் தெரியாது.

போன் அதிர்ந்தது. ஒரு படம் வந்துகொண்டிருந்தது. முதலில் கறுப்பாக ஒரு குழம்பல், நடுவில் சுற்றுகிற வட்டம். சிக்னல் ஒரு கோடு, அதுவும் வருவதும் போவதுமாக. பிறகு படம் மேலிருந்து கீழாக விரிந்தது.

கறுப்பு வீல் வெயிலில் கண்ணாடியாக மின்னியது. கொழுந்தன் குனிந்து படம் எடுப்பதுகூட அதில் பிரதிபலித்தது. ஒரு நட்டு இருந்த இடத்தில் நட்டு இல்லை, வெறும் போல்ட்டு நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து நட்டு பாதி வெளியே வந்து, விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

படத்துக்குக் கீழே எதுவும் எழுதவில்லை. ஒரு பொம்மைச் சிரிப்புகூட அனுப்பவில்லை. எதற்கெடுத்தாலும் பொம்மை அனுப்புகிறவன்.

பின்னாலேயே போன் வந்தது.

"அண்ணி." வேறு யாரோ பேசுவது போலிருந்தது. "நட்டு கையால திரும்புது."

"தொடாதீங்க. சக்கரம் உருளாம கல்லு வைங்க. குழந்தைய இறக்கி, மலைப் பக்கமா நிக்க வைங்க. நாங்க கீழதான் இருக்கோம்."

"கீழதானா? நீங்களா?"

"வந்துட்டே இருக்கோம் தம்பி. போனை வைங்க."

கார் ஒரு வளைவுக்குச் சற்று முன்னால், சாலை கொஞ்சம் அகலமான இடத்தில் நின்றிருந்தது. அந்த வளைவுக்கு அப்பால் தடுப்புச் சுவரே இல்லை. டேப்பு அந்தப் பக்கம் ஒரு தடவைதான் பார்த்தாள். வாலு ஒரு பாறை மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. ஓரகத்தி ஓடி வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்தன் காரிலிருந்து தள்ளி நின்றான், சொந்தக் காரைப் பார்த்தே பயப்படுகிறவன் மாதிரி.

கணவன் ஜாக்கி போட்டு அந்த வீலைக் கழற்றினான். டிக்கியிலிருந்த மாற்றுச் சக்கரத்தை எடுத்தான். போல்ட்டுகளின் மரையை டேப்பு விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பழுதில்லை. காணாமல் போன நட்டுக்குப் பதில் பின் சக்கரத்திலிருந்து ஒன்று. தம்பி ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான், அண்ணன் வாங்கிக்கொண்டான்.

மற்ற மூன்று வீல்களிலும் ஒவ்வொரு நட்டாகக் கழற்றச் சொல்லி, டேப்பு குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். வாலு பிஸ்கட்டோடு அவள் தோளில் தொற்றிக்கொண்டு தானும் எட்டிப் பார்த்தது.

"பெரியம்மா, இதுல உள்ள வெள்ளி மோதிரம் இருக்கு. இதுலயும் இருக்கு."

"ஆமா."

வாலு ஓடிப் போய், தரையில் கிடந்த வீலைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தது. "அப்பா அடிச்சதுல மோதிரம் இல்ல. எல்லாம் கறுப்பு."

கொழுந்தன் தொண்டையைக் கனைத்தான். "அண்ணி, அன்னைக்கு நான் சொன்னது..."

"பேசாதீங்க தம்பி. பார்லர்ல ஆள் வேலையா இருக்கும்போது பேசினா கோடு கோணலாப் போயிடும்."

அவன் சிரிக்க முயன்றான். முகம் ஒத்துழைக்கவில்லை. ரோட்டோரம் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். ஓரகத்தி போய் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கடைசி நட்டை இறுக்கிவிட்டுக் கணவன் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஜாக்கியை இறக்கவும் இல்லை. டேப்புவைப் பார்த்தான். அவள் அந்தக் கிண்ணத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கார்க்குகளை எண்ணுவது போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேப்பு." குரல் தாழ்ந்திருந்தது. "சொல்லு."

"என்ன சொல்லணும்?"

"எப்பவும் சொல்வியே. அது."

"நான் சும்மா பொட்டு ஒட்டறவ."

"அந்த வார்த்தைய எடுத்தது என் வாய்தான். நீ சொல்லாம இனிமே நான் எதையும் தொட மாட்டேன். இப்ப சொல்லு, இறக்கறேன்."

அவள் காரைச் சுற்றி இன்னொரு தடவை நடந்து வந்தாள். ஒவ்வொரு நட்டையும் விரலால் தொட்டாள். கடைசியில் நிமிர்ந்தாள்.

"ஆச்சு."

ஜாக்கி இறங்கியது.

சுற்றுலா போதும் என்று கொழுந்தனே சொல்லிவிட்டான். கார் முன்னால் மெதுவாக இறங்க, சரக்கு வண்டி பின்னால் இறங்கியது. வாலு பின் கண்ணாடி வழியாகக் கையாட்டிக்கொண்டே வந்தது. கணவன் பல நாள் கழித்துப் பேசக் கிடைத்தவன் மாதிரி எதை எதையோ பேசிக்கொண்டு வந்தான். ஓவனை மணல் அணைத்திருப்பானா, நாளைக்கு அந்த வீலை உரித்து முதலிலிருந்து செய்ய வேண்டும், ராத்திரி சமைக்க வேண்டாம், வெளியே சாப்பிடலாம்.

டேப்புவின் காதில் எதுவும் ஏறவில்லை. முன்னால் போகிற காரின் டிரைவர் பக்கத்துச் சக்கரத்தின் மேல் கண் ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டது. அது நேராகத்தான் சுற்றுகிறதா? லேசாக ஆடுகிறதா? வெயில் விழுந்து அப்படித் தெரிகிறதா?

"ஏங்க, ஹாரன் அடிச்சு அவர நிறுத்தச் சொல்லுங்க."

"என்னாச்சு?"

"இன்னொரு தடவை பார்த்துடறேன்."

"நீதான ஆச்சுன்னு சொன்ன."

"சொன்னேன். நிறுத்தச் சொல்லுங்க."

அவன் ஹாரனை அழுத்தினான். முன்னால் கார் இந்த முறை முதல் சத்தத்துக்கே ஓரம் கட்டியது.